இலையை விட்டு மண்ணை அளந்தவன்

அந்தக் கருவி பார்ப்பதற்குத் துப்பாக்கி போலவே இருக்கும். கைப்பிடி, விசை, முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம், பின்னால் எண் தெரியும் சன்னல். இலையை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினால், தொடாமலே இலையின் சூட்டைச் சொல்லிவிடும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஒரு மானாவாரி நிலத்தில், உச்சி வெயிலில், அதைத் தூக்கிக்கொண்டு வேர்க்கடலைச் செடிகளைக் குறிபார்த்து நான் நடக்கும்போது, ரோட்டில் போகும் பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். "இன்னா சார், மல்லாட்டையைச் சுடப் போறீங்களா?" என்று ஒருவர் சன்னல் வழியாகக் கத்தியே கேட்டார். எனக்கு அதில் பெருமைதான். எங்கள் திட்டத்துக்கே அப்படி ஒன்றுதான் இருந்தது, அது என் கையில் இருந்தது. இருபத்தாறு வயதுக்காரனுக்குத் தலைக்கனம் ஏற இது போதாதா?

இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில். மழை பொய்த்தால் எந்த ரகம் தாங்கும், எது கைவிடும் என்பதை அறுவடைவரை காத்திராமல், செடியின் உடம்பைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரிதான். வேருக்குத் தண்ணீர் கிடைக்கிற செடி வியர்க்கும், இலை குளிர்ந்திருக்கும். வேருக்குத் தண்ணீர் எட்டாத செடியின் இலை சுடும். வெளிநாடுகளில் கோதுமையை வைத்து இதையெல்லாம் செய்து பார்த்து, வறட்சியில் எந்தக் கோதுமை எவ்வளவு விளையும் என்று கணிக்கும் வழிகளைப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் புத்தகங்களை நான் கரைத்துக் குடித்திருந்தேன். ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோதுமை ரேஷன் கடையில்தான் விளையும். "கோதுமைக்குச் சொன்னதை மல்லாட்டைல பாத்துடுவோம்யா" என்றார் எங்கள் திட்டத் தலைவர். பன்னிரண்டு ரகங்களைப் பன்னிரண்டு எண்கள் கொடுத்துப் பாத்தி பாத்தியாக விதைத்தோம்.

தலைவர் கண்டிப்பானவர். வெற்றிலைக் கறை படிந்த பல், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை. திட்டுவார், ஆனால் திட்டியதை மறுநாள் வைத்திருக்கமாட்டார். அளவு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு விதி உண்டு. ஒரு நாள் அளக்க முடியாமல் போனால் களப் புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிட வேண்டும். "இல்லேன்னா இல்லேன்னு கோடு போடுய்யா. கோடு போட்டவனை நான் எதுவும் கேக்கமாட்டேன்" என்பார். உண்மையிலேயே கேட்கமாட்டார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தப்பிக்க நேர்வழி ஒன்று திறந்தே கிடந்தது என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி அந்த அக்கா. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பக்கத்து ஊர்தான். களையெடுக்க தினக்கூலிக்கு வந்தவரை, பத்தாவது படித்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பார்த்துத் தலைவர்தான் குறிப்பு எழுதும் வேலைக்கு மாற்றினார். அவர்கள் பல தலைமுறையாக இந்த மண்ணில் உழுது பிழைக்கிற ஜைனக் குடும்பம். ஊரில் அவர்களுக்கென்று பழைய கோவில் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். அதை அவர் பெரிதாகப் பேசியதே இல்லை. வேறு ஊர்க்காரர் யாராவது கேட்டால் "எங்க வழக்கம் அப்படிங்க" என்பதோடு சரி.

எங்கள் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். உச்சி வேளையில் இலைச் சூட்டை நான் அளந்து சொல்ல, அவர் எழுதுவார். பிறகு இலைகளில் சின்னச் சின்ன வட்டங்களாகத் துளைத்தெடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கீழ்பென்னாத்தூரில் வாடகைக்குப் பிடித்திருந்த அறைக்குக் கொண்டுபோவோம். அங்கே அவற்றை எடைபோட்டு, நாலு மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, மறுபடி எடைபோட வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறதோ அவ்வளவு தாகத்தில் இலை இருந்திருக்கிறது என்று கணக்கு. இந்த இரண்டாவது எடை முடிய மாலை ஆறரை, ஏழு ஆகிவிடும். அந்த நாட்களில் அக்கா இரண்டு டப்பா கொண்டுவருவார். ஒன்று மதியத்துக்கு. இன்னொன்றை ஐந்தரை மணிக்குத் திறந்து, வாசல்படியில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பத் தராசுக்கு வந்துவிடுவார். கடைசி இலைவட்டம் வரைக்கும் இருந்து எடைபோட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஒருநாள்கூட அவசரப்பட்டதில்லை. இதை நான் தினமும் பார்த்தேன்.

ஏழாம் எண் ரகத்தில்தான் எங்களுக்குள் முதல் உரசல். அந்தச் செடிக்கு ஒரு குணம். வெயில் ஏறினால் இலைகளை இரண்டிரண்டாக மடித்து, விளிம்பை வானத்துக்குக் காட்டி நின்றுவிடும். மற்ற ரகங்கள் கையை விரித்துப் படுத்திருக்கும்போது இது மட்டும் கும்பிட்டபடி நிற்கும். எனக்கு அதைப் பார்த்தாலே இளப்பம். சோர்ந்துபோன செடி என்று முடிவுகட்டியிருந்தேன். மேலேயிருந்து கருவியைப் பிடித்தால் சூடும் ஜாஸ்தியாகத்தான் காட்டியது. பன்னிரண்டில் கடைசி இதுதான் என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நான் எண்ணைச் சொல்லியும் அக்கா எழுதவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அக்கா, எழுதுங்க."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நேரா மேலேர்ந்து புடிக்கறீங்க. எல தான் மடிஞ்சிட்டுதே. நடுவுல செம்மண்ணு தெரியுது பாருங்க. நீங்க மண்ணைத்தான சார் அளக்கறீங்க?"

என் கையிலிருந்து கருவியை வாங்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இப்பிடிச் சாய்ச்சி, எல மட்டும் தெரியற மாதிரி புடிச்சிப் பாருங்க" என்று கையால் காட்டினார். செம்மண் அந்த வெயிலில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். இலை இடுக்கில் அது தெரிந்தால் கருவி அதன் சூட்டையும் சேர்த்துத்தான் சொல்லும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. கோதுமைப் புத்தகத்திலேயே, பயிர் இடைவெளியில் தரை தெரியாமல் பார்த்துக்கொள் என்று ஒரு வரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் புத்தகத்துல இருக்கற முறைக்கா. நாம மாத்தக் கூடாது." அவர் சரி என்று எழுதிக்கொண்டார். அடுத்த பாத்திக்குப் போகும்போது மட்டும், "வெயில் ஏறினா நாம முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கறோம்ல சார், அந்த மாதிரி அது எலய மடக்கிக்குது. அது அறிவுள்ள செடி" என்றார். படித்தவன் நான் இருக்க இவர் என்ன எனக்குச் சொல்வது என்று எனக்குள் கடுகடுவென்று வந்தது.

அந்த ஆண்டு ஆவணியில் மழை நின்றுபோனது. விவசாயிகளுக்கு வயிற்றெரிச்சல், எங்களுக்கோ அதுதான் பரீட்சை நாள். பூ இறங்கிக் காய் பிடிக்கும் நேரத்தில் வறட்சி வந்தால், அந்த நாட்களின் அளவுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். "ஒரு நாள் விடாதய்யா" என்று தலைவர் ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார். அதே வாரத்தில் இன்னொரு சேதியும் வந்தது. தற்காலிகமாக இருப்பவர்களில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெயர் என்னுடையது. இன்னொன்று அக்காவுடையது.

அதற்காகத்தான் நான் கிரிவலம் போனேன். பௌர்ணமி வேறு வந்தது. வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, செருப்பில்லாமல் மலையைச் சுற்றிவிட்டு, விடிந்ததும் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் விழுந்தவன் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலில் கொப்புளம் என்று ஒரு சாக்கு. அதற்கு மறுநாள் சாக்குகூட இல்லை. வெயிலை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது, மின்விசிறிக்குக் கீழே கிடந்தேன். நடந்தது இவ்வளவுதான். வேலைக்காக வேண்டிக்கொண்டவன் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. சாமி என்ன செய்யும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் பயம் வந்தது. வாரக் கணக்கை மறுநாள் காலை தலைவர் மேசையில் வைக்க வேண்டும். கோடு போட்டிருக்கலாம். பட்டியல் போகிற நேரத்தில், அத்தனை முக்கியமான மூன்று நாளுக்குக் கோடு போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து மூன்று நாளைக்குமான எண்களை, சூடும் எடையுமாக, நானே எழுதினேன். ஏனோதானோ என்று எழுதவில்லை, அதுதான் கேவலம். முந்தைய நாட்களின் போக்கைப் பார்த்து, புத்தகம் சொல்கிறபடி, அங்கங்கே கொஞ்சம் ஏற்றி இறக்கி, அசல் மாதிரியே எழுதினேன். வறட்சி முற்ற முற்ற ஏழாம் எண்ணின் சூட்டை நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போனேன். மறுநாள் அதைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

நிலத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. கருவி எப்போதும் அங்கே மோட்டார் கொட்டகையில்தான் இருக்கும், சாவி அவரிடம்.

"சார், ஒடம்பு சரியில்லையா? பஸ்ஸுக்கு ஒரே கூட்டமாம், நீங்க மாட்டிக்கினீங்கன்னு நெனச்சேன். விட்டா போச்சேன்னு மூணு நாளும் நானே எடுத்து வெச்சிட்டேன். சூடும் எடுத்தேன், எடையும் போட்டுட்டேன். ஒண்ணுகூட விடல" என்று ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு ரகம், மூன்று நாள், ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்த எண்கள்தான் எல்லாவற்றிலும் கம்மி. அவர் சாய்த்துப் பிடித்து, இலையை மட்டும் அளந்திருக்கிறார். ஊரே காய்ந்துகொண்டிருக்க அந்தச் செடி குளுகுளுவென்று இருந்திருக்கிறது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்த் தலைவரிடம் தாளை வாங்கிக் கிழித்திருக்க வேண்டியவன் நான். "நல்லது அக்கா, நான் சேர்த்துடறேன்" என்றேன். ஒரு தாளில் குறித்துக்கொள்வதுபோலப் பாவனை செய்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதைதான். அடுத்த வாரமே தலைவர் நிலத்தைப் பார்க்க வந்தார். ஏழாம் பாத்தி அருகே நின்று, "இதை அடுத்த வருஷம் எடுத்துட வேண்டியதுதான்" என்றார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அய்யோ, வேணாங்கய்யா. மழையில்லாம காஞ்ச அந்த நாள்லகூட இதுதாங்க ஜில்லுனு இருந்துச்சு. நான் எழுதி வெச்சிருக்கேன்" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். தலைவர் நோட்டை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நான் மூன்று நாள் வரவில்லை என்பதை அக்கா சொல்லவே இல்லை. அவருக்கு அது தோன்றவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தலைவர் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் தாளும் அக்காவின் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. "ரெண்டும் ஏணி வெச்சாலும் எட்டலையே. ஏன்யா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அவங்களுக்கு மிஷினைப் பிடிக்கத் தெரியாது சார். நான் இல்லாத நேரத்துல ஆர்வத்துல எடுத்துப் பாத்திருக்காங்க" என்றேன்.

"சரி, சூட்டை விடு. இலைத் தண்ணிகூட ஒத்துப்போகலையே?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். வாய் கூசாமல் சொன்னேன். "அவங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும் சார். அதனால சாயங்கால எடையை அவசர அவசரமா முடிச்சிடறாங்க. நாலு மணி நேரம் ஊறறதே இல்ல."

தலைவர் நோட்டை மூடி வைத்தார். அவருக்கு அக்கா மேல் மரியாதை உண்டு. "அவங்க வழக்கம், அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அளவு வேலைக்குச் சரிப்படாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அக்கா தர்மமாகக் கடைப்பிடித்த ஒரு வழக்கத்தை எடுத்து அவர் தலையிலேயே போட்டேன். பட்டியலில் ஒரு பெயர்தான் போனது. அந்த மாதக் கடைசியோடு அக்காவை நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் எழுத்தர்தான் சொல்லி அனுப்பினார், உங்கள் அளவுகள் சரியில்லையாம் என்று.

சாவியைக் கொடுக்க வந்தவர் என்னிடம் கேட்டார், "எங்க சார் தப்பாச்சு? நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தபா பாத்துத்தான எழுதினேன்."

"அந்த மிஷின் அப்படித்தான்க்கா. எல்லாருக்கும் பிடிபடாது."

"அப்படிங்களா" என்றார். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கோபம் துளியும் இல்லை. கணக்கில் தப்புவிட்ட பிள்ளை எங்கே விட்டோம் என்று யோசிக்குமே, அந்த முகம்.

அறுவடை வந்தது. ஏழாம் பாத்தியில் செடியைப் பிடுங்கியபோது கொத்துக் கொத்தாகக் காய். மற்ற பதினொன்றும் அதன் பக்கத்தில் வர முடியவில்லை. இந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், வேறொன்றுக்காக. "சார், இந்த ரகம் இலையை மடக்குது. மேலேர்ந்து அளந்தா மண் சூடும் சேர்ந்து வந்துடுது. சாய்ச்சு அளக்கணும்" என்று தலைவரிடம் என் கண்டுபிடிப்பாகச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். என் தாளில் மண் சூடு கலந்திருக்கும், அக்காவின் எண்கள் குருட்டாம்போக்கில் ஒத்துப்போயிருக்கும் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்; அதற்குள் பட்டியல் போய்விட்டது. அடுத்த ஆண்டிலிருந்து சாய்த்து அளந்தேன். இலை மடிவதையே ஓர் அத்தியாயமாக எழுதி டாக்டர் பட்டம் வாங்கினேன். நன்றிப் பக்கத்தில் தலைவர், என் பெற்றோர், தட்டச்சு செய்தவர், டீ வாங்கித் தந்தவர் வரைக்கும் பெயர் இருக்கிறது. அக்காவின் பெயர் இல்லை.

இப்படிப்பட்டவனுக்குச் சாப்பாடு இறங்குமா, தூக்கம் வருமா என்று கேட்கலாம். நன்றாகவே இறங்கியது, நன்றாகவே வந்தது. கல்யாணம் ஆனது, பதவி உயர்ந்தது, வேங்கிக்காலில் புது மனையில் வீடும் கட்டினேன். எப்போதாவது கீழ்பென்னாத்தூர் வழியாகப் பஸ்ஸில் போக நேர்ந்தால் மட்டும் அந்தப் பக்கத்து சன்னலில் உட்காரமாட்டேன். என் வெட்கம் அவ்வளவுக்குத்தான் வேலை செய்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வறட்சி ஆண்டு. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறை சொல்லும் கூட்டம். பயிர் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கருத்துச் சொல்ல என்னை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். கூட்டம் கலையும்போது தாழ்வாரத்தில் ஒருவர் மனுவோடு நின்றிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது, தடித்த கண்ணாடி. அக்காதான்.

"சார், நல்லா இருக்கீங்களா? நீங்க பெரிய ஆளாயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம் சார்." உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கள எங்கயாவது பாத்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு அந்த மூணு நாள் அளவு எங்க சார் தப்பாச்சு? கண்ணு கோளாறோன்னு அப்பவே வேலூர்ல போயி காட்டினேன். அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. இன்னும் புரியல சார்."

பக்கத்தில் அதிகாரிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "பழைய கதைக்கா, விடுங்க" என்றேன்.

"விட்டாச்சு சார். தெரிஞ்சிக்கலாம்னுதான் கேட்டேன்."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் இத்தனை வருஷமும் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். அப்போதும் உடனே போகவில்லை, மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியிடம்கூடச் சொல்லாமல், அவர் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். மோரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜில் படுத்துக் கிடந்தது, எண்களை நானே எழுதியது, தலைவரிடம் அவருடைய சாப்பாட்டு வழக்கத்தைச் சொன்னது, அவர் சொன்னதையே திருடிப் பட்டம் வாங்கியது. எதையும் விடவில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை உரிப்பதை நிறுத்தியிருந்தன.

"நீங்க வரலைன்னு நான் பெரிய ஐயாகிட்ட சொல்லல சார்" என்றார் கடைசியில், தலைவரைச் சொல்லி. "உங்களுக்கும் அந்த வருஷந்தான் பர்மனெண்ட் ஆவணும். எதுக்குக் காட்டிக் குடுக்கணும்னு கம்முனு இருந்தேன்."

தெரிந்தே என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

"பெரிய ஐயாகிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?"

"அவர் தவறிட்டார்க்கா. ரெண்டு வருஷம் ஆகுது."

"அடடா" என்றார். அவருக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "அப்ப அவரு போவற வரைக்கும் நான் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டு அளவைத் தப்பா எழுதினவதான். இல்ல?" என்று கேட்டார். ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், ஆபீசில் சொல்கிறேன், என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று ஏதேதோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. முறத்தில் கிடந்த பருப்பைக் கையால் அளைந்துகொண்டிருந்தார்.

"வேலை போன அடுத்த வருஷம் எங்க ஊரு பால்வாடிலே வேலை வந்துச்சு சார். கவர்மெண்ட் வேலை. வீடு தேடி வந்து கூப்பிட்டாங்க. மாசா மாசம் குழந்தைங்கள எடை போட்டு அட்டைல எழுதணும், எடை கம்மியா இருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். எங்க வீட்டுக்காரர் போ போன்னு எவ்வளவோ சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். மல்லாட்டைச் செடியையே தப்பா அளந்தவ, நான் தப்பா எழுதி ஒரு குழந்தைக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதும் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்கு இப்போதுதான் நேரானது போல மெதுவாகச் சொன்னார்:

"அப்ப நான் போயிருக்கலாம்."